கண்ணுக்குக் கீழே ஊதா

காலை ஐந்தரை. தம்பரேயில் ஜனவரி.
ஒன்பதரைக்கு முன்னால் விடியாது.
பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்கள்:
தாழ்வாரம், லாக்கர்கள், மணி.
கழிவறை மட்டும் இருமடங்கு பெரிது,
கேமரா நுழைய வேண்டுமே.

வென்லாவுக்கு இருபத்தாறு வயது.
மகளுக்குப் பல் முளைக்கிறது, இரவெல்லாம் அழுகை.
என் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுகிறாள்.
முதலில் அவளுடைய சொந்தக் கருவளையத்தை மறைக்கிறேன்.
பிறகு, பதினேழு வயதுக்காரியின் கருவளையத்தை
அதே இடத்தில் ஊதாவில் வரைகிறேன்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ரைனே வந்து தலை சாய்த்துப் பார்க்கிறார்.
"இன்னும் கொஞ்சம் சீரழிந்தவளாக.
ஆனால் அழகாக."
கன்னத்தெலும்பில் வெள்ளித்தூள் வைக்கிறேன்.
அழுதால் மின்னும்.

என் தம்பி துவோமோ மின்னியதே இல்லை.
உதடு வெடித்திருக்கும். காதுக்குப் பின்னால் அழுக்கு.
அவன் விழுந்தபோது பின்னணியில் இசை இல்லை,
ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.
செவ்வாய்க்கிழமை.
அம்மா தயிர்க் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
ஆம்புலன்ஸ்காரர் வாசலில் தயங்கி
ஷூவைக் கழற்றவா என்று கேட்டார்.
பரவாயில்லை, அப்படியே வாருங்கள் என்றாள்.
அந்த ஈரத் தடங்களை
மூன்று நாள் யாரும் துடைக்கவில்லை.

எழுத்தாளர்களிடம் இதை ஒருமுறை சொன்னேன்.
குறித்துக்கொண்டார்கள்.
ஷூவை வைத்துக்கொண்டார்கள்.
தயிரை வெட்டிவிட்டார்கள்.

நான்காம் பகுதியில் ஒரு பையன்
உணவுக்கூட மேசைமேல் ஏறி நின்று
தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்கிறான்.
ஒரு நொடி மௌனம். பின் கரவொலி.
துணை நடிகர்கள் நாற்பது பேர், பதினோரு டேக்.
விளக்குப் பிடிக்கும் யூசோ அன்று
சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னான்:
என் மகன் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில்
தட்டு அடுக்கும்போது சொன்னான்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை எனக்கு.
கத்திமுனை கீழே இருக்கட்டும் என்றேன்.
திருப்பி வைத்தான்.
அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து
அறைக்கதவைப் பூட்டாமல் தூங்குகிறான்.

ஆறாம் பகுதியில் இருவர் காதலைச் சொல்கிறார்கள்.
வக்கீல்களைப் போலத் தெளிவாக, முழு வாக்கியங்களில்.
வாய் குழறாத பதினாறு வயதை
நான் இதுவரை பார்த்ததில்லை.
வெட்கத்துக்கென்று ஒரு சிவப்பு
என் பெட்டியில் திறக்காமலே காய்ந்துபோயிற்று.

விட்டுவிடலாம் என்று
ஒவ்வொரு வியாழக்கிழமையும் நினைப்பேன்.

பிப்ரவரியில், டிராமில், எதிரே ஒரு சிறுமி.
மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
கன்னத்தெலும்பில் வெள்ளித்தூள், கோணலாக,
நான் வைக்கும் அதே இடத்தில்.
கோபம் வந்தது, என்மேல்.
அதை வரைவது நான்தான் என்றேன்,
ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.
அவள் கூச்சலிடவில்லை. செல்ஃபி கேட்கவில்லை.

"மூன்றாம் பகுதியில் மாத்திரைக் கணக்கைப் பொய்யாகச் சொல்வாளே,
கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் கட்டியிருக்குமே,
அப்போது என் அக்கா எழுந்து போனாள்.
திரும்பி வந்து டிவியை அணைத்தாள்.
என் கையைப் பிடித்து, உன் கணக்கு என்ன என்றாள்."

என்ன சொன்னாய்?

"பொய்தான்.
மறுநாள் சொல்லவில்லை, பொய்."

அவள் நிறுத்தம் வந்துவிட்டது.
கண்ணாடியில் பனி. எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை.

அந்த நகம் திரைக்கதையில் இல்லை.
துவோமோவுடையது.
ரைனே கவனித்திருந்தால் பாலிஷ் கேட்டிருப்பார்.

காலை ஐந்தரை.
இரண்டாவது பல்லாம் மகளுக்கு.
வெள்ளி இன்னும் கொஞ்சம் என்கிறார் ரைனே.
வைக்கிறேன்.
அவர் போனதும் வென்லாவின் இடக்கையை
என் மடியில் இழுத்து வைத்து
கட்டைவிரலிலிருந்து தொடங்குகிறேன்.